சிற்றூரில் மூன்று நாள் இசை விழா: சம்பளமில்லாத 25 பேர், ஒரு திடல், ஒரு ஜெனரேட்டர்

#1 ஊர்ச்சபா

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு பேரூராட்சி. குளக்கரைத் திடலில் வருடா வருடம் மூன்று நாள் இசை விழா. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு முடியும். நடத்துவது 25 தன்னார்வலர்கள், பாதிப் பேர் ஊர்க்காரர்கள், மீதி சென்னையில் வேலை பார்ப்பவர்கள். நுழைவு இலவசம், ஒரு மாலைக்கு 400 பேர் உட்காருவார்கள். கலைஞர்கள் பெரும்பாலும் மயிலாப்பூர், நங்கநல்லூர் பக்கமிருந்து வருபவர்கள்.

வரும் வருடத்துக்கு இப்போதே திட்டம் போடுகிறோம். கேள்விகள்: எந்த மாதம் நல்லது? வாடகை சவுண்டுக்காரரிடம் என்னென்ன சொல்லி வாங்க வேண்டும்? எத்தனை கே.வி.ஏ. (மின்திறன் அளவு) ஜெனரேட்டர்? முக்கியமாக, ஒரு கச்சேரிக்கும் அடுத்ததுக்கும் இடையே 15 நிமிடம் என்று போட்டால் 40 ஆகிறதே, அதை எப்படிக் குறைப்பது? நடத்திப் பழகியவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 மூன்றாம் காலம்

மாதம் பற்றி மட்டும் சொல்கிறேன். மார்கழி வேண்டாம். டிசம்பர் 15லிருந்து ஜனவரி 1 வரை சென்னையில் நல்ல பக்கவாத்தியக்காரர் ஒரே நாளில் இரண்டு மேடை ஏறுவார். அவரைச் செங்கல்பட்டுக்கு அப்பால் இழுத்தால் முழு நாளும் போச்சு என்று கணக்குப் போடுவார், சன்மானமும் அதற்கேற்ப ஏறும். மழையும் டிசம்பரில் முடிந்துவிட்டது என்று நம்பிப் பந்தல் போட முடியாது. ஜனவரியில் பொங்கல். அதை ஒட்டித் திருவையாறு தியாகராஜர் ஆராதனை, புஷ்ய பகுள பஞ்சமி என்ற திதிப்படி வருவதால் தேதி வருடா வருடம் நகரும். மார்ச் பிறந்தால் பிளஸ் டூ பொதுத்தேர்வு. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கட்டினால் ஊர் சண்டைக்கு வரும், வருவதும் நியாயம்தான்.

மிச்சமிருப்பது பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் வாரம். அதிலும் முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தை, மாசியில் பெரிய முகூர்த்த நாள் வந்தால் நாற்காலி, பாத்திரம், சமையல்காரர், நாகஸ்வரக்காரர் நான்குமே கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை இரண்டு மடங்கு. முகூர்த்தம் இல்லாத சனி ஞாயிறாகப் பார்த்து ஆறு மாதம் முன்பே குறித்துவிடுங்கள். மகா சிவராத்திரி அந்த வாரத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். குளக்கரைத் திடல் என்கிறீர்கள், கோயிலை ஒட்டியது என்றால் அன்றைக்கு உங்களுக்கு இடம் இருக்காது.

#3 எட்டாவது லைன்

சவுண்டு விஷயம். "கச்சேரிக்கு மைக் செட்" என்று மட்டும் சொன்னால் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கொண்டுபோகும் சாமான்தான் வந்து இறங்கும். எழுதிக் கொடுங்கள்.

மைக்: பாட்டு 1, பின்பாட்டு 1, வயலின் 1, மிருதங்கம் 2 (வலப்பக்கமான வலந்தலை, இடப்பக்கமான தொப்பி), கடம் 1, கஞ்சிரா அல்லது மோர்சிங் 1, தம்புரா 1, அறிவிப்பு 1. ஒன்பது ஆயிற்று. ஒன்று உபரி, ஆக 10. குரலுக்கு ஷூர் எஸ்.எம். 58, வாத்தியத்துக்கு எஸ்.எம். 57 போதும். திறந்த வெளியில் விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வைத்தால் குளக்கரைக் காற்றையும் சேர்த்து வாங்கும், காற்றுத் தடுப்பு நுரை போட்டே ஆக வேண்டும்.

ஸ்டாண்ட்: இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தரையில் உட்கார்ந்து பாடுபவருக்குக் குட்டை பூம் ஸ்டாண்ட் வேண்டும். நெட்டை ஸ்டாண்டை மடக்கி வைத்தால் அதன் மூன்று காலும் பாடுபவர் முழங்காலில் இடிக்கும், கம்பி முகத்தை மறைக்கும். பத்தும் குட்டை என்று எழுதி வாங்குங்கள்.

மானிட்டர் (கலைஞர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்): நான்கு. பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, கடம், கஞ்சிரா போன்ற உபபக்கவாத்தியத்துக்கு ஒன்று. நான்கும் மிக்ஸரிலிருந்து தனித்தனி அனுப்பில் இருக்க வேண்டும். ஒரே அனுப்பில் நான்கையும் கோத்துவிட்டால் வயலின்காரர் தன் வாத்தியம் கேட்கவில்லை என்று ஏற்றச் சொல்லும்போது நால்வருக்கும் ஏறும். உடனே மிருதங்கக்காரர் கை காட்டுவார். இப்படி ஏறி ஏறி இருபதாவது நிமிடத்தில் மேடை ஊளையிடும். மைக்கின் பின்பக்கம் காது கேட்காத பக்கம், மானிட்டர் அந்தப் பக்கத்தில் நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் ஊளை நிச்சயம்.

மிக்ஸரில் உட்காருபவருக்கு ஒரே விதி: ஒருவர் தன்னை ஏற்றச் சொன்னால், அவருடைய மானிட்டரில் முதலில் மற்றவர்களை இறக்கு. தம்புராவைத் தவிர. சுருதி கேட்கவில்லையென்றால் பாடகர் குரலை உயர்த்துவார், அதோடு எல்லாம் கெடும்.

400 நாற்காலி என்றால் நடைபாதை சேர்த்து ஆளுக்கு 7 சதுர அடி, ஆக 2,800 சதுர அடி. 40 அடி அகலம், 70 அடி நீளம். மேடைப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் வைத்துக் கடைசி வரிசைக்குக் கேட்கச் செய்தால் முதல் வரிசைக்குக் காது வலிக்கும், ஏனென்றால் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். நடுவில் இன்னொரு சின்ன ஜோடி போடுங்கள். அதற்குத் தாமதம் கொடுக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும், மேடையிலிருந்து 15 மீட்டரில் வைத்தால் 43 மில்லி நொடி. அதோடு 10 கூட்டி 53 வையுங்கள். அப்போதுதான் சத்தம் மேடையிலிருந்து வருவதுபோல் இருக்கும். தாமதம் போடாவிட்டால் பின்வரிசையில் மிருதங்கத்தின் ஒவ்வொரு சாப்பும் இரண்டாகக் கேட்கும், தாள வாத்தியக்காரர்களின் தனி ஆவர்த்தனம் கந்தல்.

#4 சீவாளி

» அறிவிப்பு 1. ஒன்பது ஆயிற்று

எட்டாவது லைன் சொன்னதில் நாகஸ்வரம் இல்லை. விழா தொடக்கம் மங்கல இசைதானே? என் கருத்து, 400 பேர் திடலில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக்கே வேண்டாம். திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். அணைசில் (அடியில் விரிந்த வாய்) மைக்கைச் சொருகி வைத்தால் காற்றுச் சத்தமும் ஒன்றிரண்டு சுரமும்தான் பெரிதாகக் கேட்கும், மற்ற சுரங்கள் விரல் துளை வழியே வெளியே போய்விடும்.

#5 எட்டாவது லைன்

சரிதான், ஆனால் பக்கத்தில் பேருந்து நிலையம் இருந்தால் பின்வரிசைக்கு ராகம் சேராது. நான்கடி தள்ளி ஒரு மைக், வாயளவு உயரத்தில், அடக்கமாக. தவிலுக்கு வேண்டவே வேண்டாம், நாகஸ்வர மைக்கிலேயே வந்துவிடும். இதற்கு மேல் வைத்தால் நானும் உங்கள் கட்சி.

#6 வலந்தலை

பிப்ரவரி சரி என்கிறார்கள், பனியைப் பற்றி யாரும் பேசவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் குளக்கரையில் ஈரம் இறங்கும். மிருதங்கத்தின் தோல் ஈரத்தை இழுத்துத் தளரும், சுருதி இறங்கும். பாடகரின் சுருதிப்பெட்டி இறங்காது. அதனால்தான் இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சபை சலித்துக்கொள்வதில் பயனில்லை, மேடைக்குக் கூரை போடுங்கள். மேலே துணி மட்டும் கட்டினால் துணி நனைந்து சொட்டும். தகரமோ கெட்டித் தார்ப்பாயோ வேண்டும், பின்பக்கமும் இரு பக்கமும் படுதா. மேடை விளக்கை மிருதங்கத்துக்கு மிக அருகில் வைக்கவும் கூடாது, ஒரு பக்கத் தோல் மட்டும் காய்ந்து ஏறும்.

இன்னொன்று: குளுகுளு காரில் இரண்டு மணி நேரம் வந்த வாத்தியத்தை உறையோடு நேரே மேடையில் வைக்காதீர்கள். கச்சேரிக்கு ஒரு மணி முன்னதாக வெளிக்காற்றில் வைத்தால் நிலைப்படும்.

தொப்பிக்கு ரவை தேவை. கலைஞரே கொண்டுவருவார், மறந்துவிட்டால் ஊர் முழுக்க ஓடுவீர்கள். மேடைப் பின்புறம் ஒரு டப்பாவில் 100 கிராம் ரவை, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர், இரண்டு பழைய பருத்தித் துணி. ரவையை நனைத்துப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவார்கள், அதுதான் அந்தக் கும்காரத்தைக் கொடுக்கிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்த ரவை ஜமுக்காளத்தில் விழும். அடுத்தவர் உட்காருவதற்குள் ஒருவர் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு.

உட்காரும் இடம்: வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும். மிருதங்கம் வாசிப்பவர் வலக்கைக்காரர் என்றால் பாடகருக்கு வலப்புறம், வயலின் இடப்புறம். இடக்கைக்காரர் என்றால் அப்படியே மாறும். இதை ஒப்பந்தம் பேசும் அன்றே கேட்டு எழுதுங்கள். மேடையில் வந்தபிறகு தெரிந்தால் நான்கு மைக் லைனை இழுத்து மாற்றுவதிலேயே பத்து நிமிடம் போகும்.

பாடகரின் கட்டையையும் (எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று) கேளுங்கள். 1 கட்டை ஆண் குரலுக்குப் பிறகு 5 கட்டைப் பெண் குரல் என்றால் வேறு மிருதங்கம், வேறு கடம். இரண்டு கச்சேரிக்கும் ஒரே பக்கவாத்தியக்காரரைப் போட்டுச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அவர் இரண்டு செட் கொண்டுவருவாரா, வண்டியில் இடமுண்டா என்று பார்க்க வேண்டும்.

#7 ஊர்ச்சபா

அருமை. இடக்கை வலக்கை விஷயம் எங்கள் படிவத்தில் இல்லவே இல்லை, இன்றே சேர்க்கிறேன். 15 நிமிடக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். லைன் மாற்றுவதால்தான் நாற்பது ஆகிறதா?

#8 மூன்றாம் காலம்

லைனால் இல்லை சார், பொன்னாடையால்.

நேரம் எங்கே போகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். மங்களம் முடிகிறது. தலைவர் மேடை ஏறுகிறார், பின்னால் செயலாளர், பொருளாளர், வார்டு உறுப்பினர், நன்கொடையாளர் இருவர், அவர் வீட்டுக் குழந்தை. ஐந்து கலைஞருக்கு ஐந்து பொன்னாடை, ஐந்து நினைவுப் பரிசு, ஒவ்வொன்றுக்கும் புகைப்படக்காரர் "சார், இங்கே பாருங்க". பிறகு இரண்டு வார்த்தை. இரண்டு வார்த்தை என்பது எட்டு நிமிடம். இவ்வளவு பேரும் மைக் வயரை மிதித்துக்கொண்டு நிற்கும்வரை சவுண்டுப் பையன் எதையும் தொட முடியாது, அடுத்த கலைஞரும் ஏற முடியாது. இறங்கிய பிறகுதான் உண்மையான மாற்றமே தொடங்குகிறது.

மரியாதையை மேடையிலிருந்து இறக்குங்கள். மேடைக்குப் பக்கத்தில் தரையில் 8க்கு 6 அடி இடம், பின்னால் ஒரு திரை, ஒரு குத்துவிளக்கு, தனியாக ஒரு கம்பியில்லா மைக். முடித்த கலைஞர்களை அங்கே அழைத்துச் சிறப்புச் செய்யும்போதே மேடையில் மாற்றம் நடக்கும். சபைக்கும் பார்க்க ஒன்று இருக்கும். முதல் வருடம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த இடத்துக்கு நல்ல விளக்கு போட்டுப் புகைப்படம் மேடையைவிடத் தெளிவாக வந்தால் அடுத்த வருடம் அவர்களே அங்கேதான் வேண்டும் என்பார்கள்.

மாற்றத்தின் வரிசை: 10 லைனுக்கும் துணி டேப்பில் எண், ஸ்டாண்டிலும் மிக்ஸரிலும் அதே எண். லைனைக் கழற்றுவது கிடையாது, ஸ்டாண்டை மட்டும் நகர்த்துவது. ஜமுக்காளத்தைத் துடைப்பவர் ஒருவர், ஸ்டாண்ட் ஒருவர், கலைஞரை ஏற்றுபவர் ஒருவர், நான்காவது ஆள் மேடையில் கூடாது. உட்கார்ந்ததும் தம்புரா, பிறகு ஆளுக்கு 20 நொடி வாசிப்பு, மிருதங்கம் கடைசி. அப்படியே சுருதி சேர்த்துத் தொடங்கிவிடலாம்.

நிரல் நேரம்: 5:00 நாகஸ்வரம், 6:00 இளம் கலைஞர் ஒரு மணி நேரம், 7:20 பெரிய கச்சேரி, 9:30 மங்களம். பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது சட்டம், அரை மணி நேரம் இடைவெளி கையிருப்பு.

#9 ரெண்டு ஃபேஸ்

ஜெனரேட்டர் கணக்கு. எல்.இ.டி. பார் (PAR) மேடை விளக்கு 20, தலா 180 வாட் என்றால் 3.6 கிலோவாட். சவுண்டு 4. பெடஸ்டல் ஃபேன் 8, சேர்ந்து 1.2. திடல் வெளிச்சம் 2. சமையல் கிரைண்டர், மிக்ஸி 1.5. மொத்தம் 12.3 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.8 ஆல் வகுத்தால் 15.4 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 60, 70 சதவீதச் சுமையில் ஓடுவது நல்லது, ஆகவே 25 கே.வி.ஏ. சரியாக உட்காரும். எல்.இ.டி. திரை வைத்தால் இன்னும் 6 கிலோவாட் கூடும், அப்போது 40 எடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று 125 எடுப்பவர்கள் உண்டு. மிகக் குறைந்த சுமையில் மணிக்கணக்காக ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் புகைபோக்கியில் எண்ணெய் கசியும், வாடகையும் வீண்.

திரை எதற்கு என்பதே என் கேள்வி. 70 அடியில் உட்கார்ந்தவருக்கு மேடை நன்றாகத் தெரியும். அந்தக் காசில் மூன்று நாள் சாப்பாடே போடலாம்.

சவுண்டு ஒரு ஃபேஸ், விளக்கு வேறு ஃபேஸ். கிரைண்டர் சவுண்டு ஃபேஸில் வரவே கூடாது. மேடை முழுவதற்கும் ஒரே எர்த். மிக்ஸர் பின்னால், மேடை முன்னால், இரண்டு இடத்தில் இரண்டு எர்த் எடுத்தால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. பனி ஈரத்தில் நனைந்த மேடை, கையில் மைக். உயிர் போகும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லாத பலகையை ஏற்காதீர்கள்.

மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி அதில் ஓட்டுங்கள், ஜெனரேட்டர் கைகாவல். மாறும் பத்து நொடியில் டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து எழுவதற்கு ஓரிரு நிமிடம் பிடிக்கும். அதற்கு மட்டும் 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். வைத்தால் பாட்டு நிற்காது.

#10 ரசீதுப் புத்தகம்

சுருக்கமாக. காவல் நிலையத்தில் எழுத்துமூல ஒலிபெருக்கி அனுமதி, பேரூராட்சியில் திடல் அனுமதி, பந்தலுக்குத் தீயணைப்புத் துறை, மின்வாரியம். நான்கும் ஒரு மாதம் முன்பே. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அரசு அறிவித்திருக்கலாம், விசாரித்துத் திடலிலிருந்து டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

பணம்: சங்கமாகப் பதிய தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் போதும். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி வாங்கியிருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது, ரசீது எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். செவ்வியல், நாட்டுப்புறக் கலைஞரின் மேடைச் சன்மானம் ஒன்றரை லட்சம் வரை ஜி.எஸ்.டி. விலக்கு. பின்னாளில் டிக்கெட் போட நினைத்தால் 500 ரூபாய் வரை அதற்கும் விலக்கு உண்டு. சன்மானத்தைக் கச்சேரி முடிந்த இரவே கொடுங்கள். "திங்கட்கிழமை அனுப்புகிறோம்" என்ற சபாவுக்கு அடுத்த வருடம் கலைஞர் தேதி இருக்காது.

#11 அண்டா குண்டா

கலைஞர், தன்னார்வலர், சவுண்டு, பந்தல் ஆட்கள் எல்லாம் சேர்ந்து பந்தியில் 60 பேர் என்று வையுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரிசி 7 கிலோ. சபைக்கு மாலைக் காபி மட்டும் போதும். 200 கப், கப்புக்கு 100 மில்லி: பால் 15 லிட்டர், டிகாக்‌ஷன் 5 லிட்டர், அதற்குப் பொடி 1 கிலோ. முதல் கச்சேரி முடியும்போது கொடுங்கள். பெரிய கச்சேரி நடக்கும்போது டம்ளர் சத்தம் ஆகாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் மாலைக்கு 12.

பாடுபவர்கள் கச்சேரிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள். நான்கு மணிக்கு இரண்டு இட்லி, இரவு பத்துக்குச் சூடாக ரசம் சாதமோ தோசையோ. பத்து மணிக்கு அடுப்பு அணைந்திருந்தால் உங்கள் விருந்தோம்பல் அவ்வளவுதான். மேடையில் பிளாஸ்கில் வெந்நீர், ஐஸ் தண்ணீர் பாட்டில் வேண்டாம்.

#12 பெருங்களத்தூர் பாலம்

வெள்ளி மாலை சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரும் ஜி.எஸ்.டி. சாலையை மறந்துவிடுங்கள். தாம்பரம், பெருங்களத்தூர், பரனூர் சுங்கச்சாவடி எங்கும் வண்டி ஊர்ந்துதான் போகும். 7:20 கச்சேரிக்கு மயிலாப்பூரிலிருந்து வண்டி 2 மணிக்குக் கிளம்ப வேண்டும். ஞாயிறு இரவு அதே கூட்டம் சென்னைக்குத் திரும்பும். அதனால் ஞாயிறை மட்டும் காலைக் கச்சேரியாக 9:30க்கு வைத்து மதியச் சாப்பாட்டோடு முடித்தால் எல்லோரும் நிம்மதியாக வீடு சேருவார்கள். பனித் தொல்லையும் இல்லை. கடத்தை டிக்கியில் வைக்காதீர்கள், யாராவது மடியில்.

#13 மூன்றாம் காலம்

ஞாயிறு காலை யோசனை பிரமாதம். அந்த நேரத்துக்கு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கோவூர் பஞ்சரத்தினம் (ஐந்து கீர்த்தனைகள்) பாட வையுங்கள். தியாகராஜர் குன்றத்தூர் பக்கத்துக் கோவூருக்கு வந்தபோது பாடியது. நம் தொண்டை மண்டலத்துச் சரக்கு இருக்கும்போது எல்லா ஊரிலும் ஒரே கோஷ்டிகானம் எதற்கு?

யூடியூபில் நேரலை போடுபவர்களுக்கு: தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற இசை மும்மூர்த்திகள் பாட்டுக்கு உரிமைத் தொல்லை கிடையாது. ஆனாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பழைய ஒலிப்பதிவோடு பொருந்துகிறது என்று தானியங்கி உரிமை கோரல் வரும், மறுப்பு அனுப்பினால் போகும். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு. இணையத்தைச் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குச் சோதியுங்கள். காலை பதினொன்றுக்கு எல்லா சிம்மும் நன்றாகத்தான் இருக்கும்.

#14 ஊர்ச்சபா

எல்லோருக்கும் நன்றி. ஆள் பிரிப்பு இப்படி: மேடை 3, சவுண்டோடு நிற்பவர் 1, கலைஞர் கவனிப்பு 4, சாப்பாடு 5, சபை 4, வண்டி நிறுத்தம் 4, பணம் 2, இரவுக் காவல் 2. சரியாக 25. ஏதாவது விட்டுப்போகிறதா?

#15 எட்டாவது லைன்

இரவுக் காவல் இரண்டு பேரும் பகலில் வேறு வேலை செய்யக் கூடாது, தூங்கிவிடுவார்கள். ஸ்பீக்கர், மிக்ஸர் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள், பனிக்கும் நாய்க்கும். தரையில் ஓடும் லைனை நாய் கடித்தால் காலையில் எந்த லைன் என்று தேடவே ஒரு மணி நேரம் ஆகும். மைக் பத்தையும் கழற்றி எண்ணி, பெட்டியில் போட்டு, பணப்பெட்டி இருக்கும் அறையில் வையுங்கள்.